எபெனேசர் சபையின் ஆர்கன்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்திலாவது படித்திருப்பீர்கள். அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர்தான். அந்த அப்பா ஒரு பாப்டிஸ்ட் போதகர். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்த வீட்டு அம்மாவைப் பற்றி. ஆல்பர்ட்டா வில்லியம்ஸ் கிங். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரத்து எபெனேசர் பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்து, அந்தச் சபைப் போதகருக்கே மனைவியாகி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே ஆர்கன் வாசித்தவர்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வோம். எங்கள் ஊர் ஐயரம்மாக்களோடு பழகியவள் நான். சபைக் கொயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, வாசிக்கிறவளும்கூட. அதனால் இந்தப் பேச்சு ஆர்கன் பக்கமே சாயும். நேரம் குறைவு, மற்றதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

ஆல்பர்ட்டாவின் தந்தை ஏ. டி. வில்லியம்ஸ் 1894-இல் எபெனேசரின் பொறுப்பை ஏற்றபோது சபையில் இருந்தவர்கள் 13 பேர். அதைப் பெரிய சபையாக வளர்த்தவர் அவர். மகளை அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்விக்கூடத்தில் படிக்க வைத்தார். பிறகு வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கல்விக்கூடத்துக்கு அனுப்பினார். 1924-இல் ஆல்பர்ட்டா ஆசிரியைக்கான சான்றிதழோடு ஊர் திரும்பினார். 1926 நவம்பர் 25 அன்று, நன்றி கூறும் திருநாளில், திருமணம். மணமான பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தக் கூடாது என்பது அந்தக் காலத்து அட்லாண்டா கல்வி வாரியத்தின் விதி. கழுத்தில் மாலை விழுந்ததும் வேலை போயிற்று. கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமார்களே, உங்களில் எத்தனை பேர் வீட்டுக்காக வேலையை விட்டிருப்பீர்கள்! இவருக்கு அந்த முடிவை எடுக்கும் உரிமைகூட இல்லை.

1927-இல் கிறிஸ்டீன், 1929-இல் மார்ட்டின், 1930-இல் ஏ. டி. என்று மூன்று பிள்ளைகள். 1931-இல் ஆல்பர்ட்டாவின் தந்தை காலமானார். கணவர் சபையின் போதகரானார். அடுத்த ஆண்டே ஆல்பர்ட்டா எபெனேசரில் ஒரு கொயரைத் தொடங்கி, ஆர்கன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் வேண்டாமென்று தள்ளிய ஆசிரியை, கொயரில் ஆசிரியையானார். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கொயர் நடத்துவது என்ன வேலை என்று உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை மாலை பயிற்சி என்றால், ஒருவர் கடையைப் பூட்டிவிட்டு வருவார், ஒருவர் கைக்குழந்தையோடு வருவார், இன்னொருவர் அண்டை வீட்டுச் சண்டையை மனத்தில் சுமந்துகொண்டு வருவார். ஸ்டாஃப் நொட்டேஷன் என்னும் கோட்டு இசைக்குறிப்பு தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் பெரிது. மற்றவர்களுக்கு டோனிக் சோல்ஃபா என்னும் எழுத்துக் குறிப்பில் எழுதிக் கொடுத்து, டெனரைத் தனியாக, பேஸைத் தனியாகப் பாட வைத்து, கடைசியில் நாலு குரலையும் சேர்க்க வேண்டும்.

எங்கள் கொயரில் ஆல்ட்டோ பாடிய ஓர் அக்கா இருந்தார். ஆஸ்துமா. ஒரு பாட்டின் மூன்றாவது வரி நடுவில் அவருக்கு மூச்சு முட்டும். அந்த இடத்தில் நான் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து நிறுத்துவேன். எல்லோரும் இயல்பாக மூச்சு எடுப்பார்கள், அக்காவும் எடுத்துவிடுவார். சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஆராதனை முடிந்ததும் அவர் மட்டும் வந்து, "இன்னைக்கும் காப்பாத்திட்டியேம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். நாற்பது ஆண்டுகள் வாசித்த ஆல்பர்ட்டாவுக்கு எத்தனை பேருடைய மூச்சு விரல் நுனியில் இருந்திருக்கும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் பிரசங்கம் மெதுவாகத் தொடங்கி, ஏறி ஏறி, பாட்டின் வாசலுக்கே வந்து நிற்கும். சபையார் குரல் கொடுப்பார்கள். பிரசங்கி எங்கே நிறுத்துவார், எந்த இடத்தில் இசை உள்ளே வரலாம் என்று வாசிப்பவர் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். எங்கள் சபையில் முன்பிருந்த ஐயர் பிரசங்கத்தை முடிக்கும் முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேதாகமத்தின் மேல் வைப்பார். அதைப் பார்த்ததும் நான் பெடலை மிதிக்கத் தொடங்கிவிடுவேன். ஆல்பர்ட்டாவுக்கு அந்த அடையாளமெல்லாம் தேவைப்பட்டிருக்காது. சிறுமியாக இருந்தபோது பிரசங்க மேடையில் நின்றவர் அப்பா; பிறகு கணவர்; 1947-இல் அங்கேயே முதல் பிரசங்கம் செய்த மகன், 1960 முதல் தன் அப்பாவோடு இணைப் போதகர். மூன்று தலைமுறைக் குரலும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்ட குரல்கள். உலகமே கேட்ட அந்த மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சில் ஒரு ராகம் ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைக்கு ஐந்தாறு வயதாக இருந்தபோதே அம்மா பியானோ வாசிக்க, சபைகளிலும் கூட்டங்களிலும் பாடி வந்தவர் அவர். அந்த ராகத்துக்கு அம்மாவிடம்தான் கடன் என்பது என் நம்பிக்கை.

ஆனால் பியானோ வகுப்பு என்றால் மார்ட்டினுக்கும் தம்பி ஏ. டி.க்கும் வேப்பங்காய். பியானோ வாத்தியார் வரும் முன் இருவரும் சேர்ந்து பியானோ ஸ்டூலின் கால்களைக் கழன்றுவிடும்படி தளர்த்தி வைத்தார்களாம். அவர் உட்கார்ந்ததும் தரையில் விழுந்தார். அக்கா கிறிஸ்டீன் பின்னாளில் குழந்தைகளுக்காக எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்கிறார். என்னிடம் கற்க வரும் பிள்ளைகளின் அம்மாமார்களுக்கு இந்தக் கதையைத் தவறாமல் சொல்லி, பையனை வகுப்பிலிருந்து நிறுத்தாதீர்கள் என்பேன்.

மார்ட்டினுக்குப் பள்ளி செல்லும் வயது வந்தபோது, கூட விளையாடிய வெள்ளைக்காரச் சிறுவன், இனி உன்னோடு விளையாடக் கூடாதென்று அப்பா சொல்லிவிட்டார் என்றான். அன்றைக்கு ஆல்பர்ட்டா மகனை மடியில் உட்கார வைத்து, அடிமைத்தனம் எப்படி வந்தது, உள்நாட்டுப் போரோடு எப்படி ஒழிந்தது, இன்னும் ஏன் இந்தப் பாகுபாடு என்று சொல்லிக் கொடுத்தார். நீ எவருக்கும் தாழ்ந்தவனில்லை என்றார். மகன் தன் முதல் புத்தகத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

1939 டிசம்பரில் ஒரு நிகழ்ச்சி. அடிமை முறைக் காலத்துத் தென் மாநிலக் கதையான 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சிக்காக அட்லாண்டா விழாக்கோலம் பூண்டது. வெள்ளையர் மட்டும் கூடிய நடன விருந்தில் பாட எபெனேசர் கொயர் அழைக்கப்பட்டது. பாடகர்கள் அடிமைகளின் உடையில் நிற்க வேண்டும். பத்து வயது மார்ட்டினும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். நடத்தியவர் ஆல்பர்ட்டா. படத்தில் நடித்த கறுப்பின நடிகர்களுக்கே முதல் காட்சியில் இடமில்லாத நாள் அது. கொயர் அங்கே பாடியதற்காகப் பாப்டிஸ்ட் போதகர் சங்கம் கிங் ஐயரைக் கண்டித்தது. அந்த உடையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனாலும் அவர்கள் பாடியவை அடிமைப்பட்டுக் கிடந்த பாட்டன் பாட்டிமார் வயலில் பாடிய பாட்டுகள். எந்த மேடையில் பாடினாலும் அவை அவர்களுக்கே சொந்தம்.

இதற்கிடையே ஆல்பர்ட்டா மோரிஸ் பிரவுன் கல்லூரியில் 1938-இல் பட்டமும் பெற்றார். 1950 முதல் 1962 வரை சபையின் பெண்கள் குழுவுக்குத் தலைவி. தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டின் பெண்கள் அமைப்புக்கும் ஆர்கன் வாசித்தவர். ஒவ்வொன்றையும் பற்றித் தனியாகப் பேசலாம்.

பிறகு வந்தவை பெரிய இழப்புகள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டார். அண்ணன் இருந்த இணைப் போதகர் இடத்துக்குத் தம்பி ஏ. டி. வந்தார், 1969 ஜூலையில் அவர் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். பதினைந்து மாத இடைவெளியில் இரண்டு மகன்கள். ஆல்பர்ட்டா அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆர்கன் முன் உட்கார்ந்தார். துக்க வீட்டிலிருந்து வந்து மறுவாரமே சுருதி கொடுத்த பெண்களை எங்கள் சபையிலும் பார்த்திருக்கிறேன். விரலுக்கு ஒரு வேலை இருப்பது பெரிய ஆறுதல்.

1972-இல் ஆர்கன் பொறுப்பை விட்டார். 1974 ஜூன் 30, ஞாயிறு. எழுபதை ஒட்டிய வயது. பொறுப்பை விட்டிருந்தும் அன்று ஆராதனையில் அவர்தான் ஆர்கன் வாசித்தார். கர்த்தருடைய ஜெபத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது, ஒஹாயோவிலிருந்து வந்த 23 வயது இளைஞன் துப்பாக்கியால் சுட்டான். ஆல்பர்ட்டாவும், எட்வர்டு பாய்கின் என்ற சபை உதவிக்காரரும் இறந்தார்கள். கொன்றவனுக்கு விதித்த மரண தண்டனை பின்னால் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மரண தண்டனை கூடாது என்று கிங் குடும்பமே சொன்னது அதற்கு ஒரு காரணம்.

நேரம் முடியப்போகிறது. மகள் கிறிஸ்டீனைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா படித்த ஸ்பெல்மனிலேயே படித்து, 1958 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே ஆசிரியையாக இருந்தார். மணமாகிப் பிள்ளைகளும் பெற்றவர். அம்மாவுக்கு மறுக்கப்பட்ட வேலை அது.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அட்லாண்டாப் பக்கம் இருந்தால், ஆபர்ன் அவென்யூவில் இருக்கும் பழைய எபெனேசர் ஆலயத்துக்கு ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள். அது இப்போது தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி; மார்ட்டினின் பிரசங்கம் ஒலிப்பதிவாக ஒலிக்கும். பிரசங்க மேடையை எல்லோரும் படம் எடுப்பார்கள். கொயர் நிற்கிற இடத்தையும் மறக்காமல் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.