வசனமும் வரிவிலக்கும்



மத அடிப்படைவாதம் பழமையின் மிச்சம், கல்வி பரவினால் தானே மறைந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பெயர் பிறந்த அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே அதை வளர்த்தவை அச்சகமும் எண்ணெய்ப் பணமும். கலிபோர்னிய எண்ணெய் முதலாளி லைமன் ஸ்டூவர்ட்டும் சகோதரர் மில்டனும் கொடுத்த பணத்தில் 1910க்கும் 1915க்கும் இடையே 'அடிப்படைகள்' என்ற வரிசையில் 12 தொகுதிகள் வெளிவந்து, போதகர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தன.

1925இல் டெனசி மாநிலத்து டேட்டனில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கில் வென்ற அடிப்படைவாதிகளைப் பத்திரிகைகள் கேலிப்பொருளாக்கின. இத்தோடு இவர்கள் கதை முடிந்தது என்று படித்தவர்கள் முடிவுகட்டினார்கள். அடிப்படைவாதிகளோ ஒதுங்கிப் போய், விவிலியக் கல்லூரிகளையும் வானொலி ஊழியங்களையும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒதுங்கியவர்கள் ஏன் அரசியலுக்கு வந்தார்கள்? இதைத்தான் இன்று விரிவாகப் பேச நினைக்கிறேன்.

வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர் ஜெரி ஃபால்வெல் 1965இல், ஆன்மாக்களை மீட்பதே போதகரின் வேலை, அரசியல் அல்ல என்று பிரசங்கம் செய்தார். குறி, மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன பாதிரிமார். அதே ஃபால்வெல் 1979இல் 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். கேட்டால், கருக்கலைப்பை அனுமதித்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பே காரணம் என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்டு சபையான தென்னகப் பாப்டிஸ்டு மாநாடு, பாலியல் வன்முறையாலோ தாயின் உடல், மன நலக் கேட்டாலோ நேரும் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று 1971இல் தீர்மானம் போட்டிருந்ததே!

வரலாற்றாசிரியர் ராண்டல் பால்மர் வேறொரு காரணத்தைச் சுட்டுகிறார்: வரிவிலக்கு. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தென்மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கென்றே தனியார் பள்ளிகள் முளைத்தன. பலவற்றின் பெயர்ப்பலகையில் 'கிறிஸ்தவ' என்ற சொல் இருந்தது. பாகுபாடு காட்டும் பள்ளிக்கு வரிவிலக்கு இல்லை என்று 1971இல் தீர்ப்பு வந்தது. மாணவர்கள் நிறம் கடந்து காதலிக்கத் தடை போட்டிருந்த தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் விலக்கை இழந்தது. 1978இல் வரித்துறை இத்தகைய தனியார் பள்ளிகளுக்குக் கடுமையான விதிகளை முன்வைத்தபோது போதகர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களைத் திரட்டிய பழமைவாத அரசியல் அமைப்பாளர் பால் வெய்ரிக்கே, வரிவிலக்குதான் காரணம் என்பதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கருக்கலைப்பு எதிர்ப்பு முன்பே திரண்டுகொண்டிருந்தது என்று பால்மரை மறுப்பவர்களும் உண்டு. எதிர்ப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அதில் அப்போது முன்நின்றவர்கள் கத்தோலிக்கர்கள். ஆகவே பால்மர் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது.

பாப் ஜோன்ஸ் விலக்கு பறிபோனது அதிபர் ஃபோர்டு ஆட்சியில். பழி விழுந்ததோ அடுத்து வந்த அதிபர் கார்ட்டர் தலையில். அவர் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய பாப்டிஸ்டு. 1980 தேர்தலில் அவரைக் கைவிட்டு, மணமுறிவு பெற்ற ஹாலிவுட் நடிகர் ரீகனின் பின்னால் இந்தப் போதகர்கள் திரண்டார்கள். பக்தியை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியாது.

நிறப் பிரிவினையைக் காக்க வாருங்கள் என்று ஊர் ஊராய்ப் போய் ஓட்டுக் கேட்க முடியாது. சிசுவைக் காக்க வாருங்கள் என்று கேட்கலாம். கொடி மாறியது. 2022இல் உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பையே ரத்து செய்தது.

பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் தன் காதல் தடைக்கு விவிலியத்தின் பாபேல் கோபுரக் கதையை ஆதாரம் காட்டிவந்தது. வரிவிலக்குக்காக அது நடத்திய வழக்கு 1983இல் உச்ச நீதிமன்றத்தில் 8-1 என்று தோற்றது. தடை மட்டும் நீடித்தது. 2000இல் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் அங்கு பேசப்போய் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சில வாரங்களில் பல்கலைக்கழகத் தலைவர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தடையை நீக்கினார். இழந்த வரிவிலக்கு 2017இல் திரும்பக் கிடைத்தது.