மெட்டு பழசு, சொல் புதுசு

ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடும்போது அது வெறும் நகலா, புதிய ஆக்கமா என்ற கேள்வியை இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். சொல் மாறாமல் பாடினால் பாட்டு பத்திரமாக இருக்கும். சொல்லை மாற்றிப் பாடும்போதுதான் அது பிழைத்துக் கிடக்கும் என்பது என் கட்சி. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் இதைப் பேசப் பொருத்தம் இருக்கிறது. சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும், ஊரறிந்த சினிமா மெட்டில் புதுச் சொல் கட்டி விடிய விடியப் பாடும் கானாக்காரர்களின் நிலம் வடசென்னை.

'சுராங்கனி'யை எடுத்துக்கொள்வோம். சிலோன் மனோகர் என்று நாம் அறிந்த ஏ. ஈ. மனோகரன் அந்தப் பாட்டைத் தமிழ்நாட்டின் மேடைதோறும் கொண்டுபோனார். சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் பாட்டு அது. வேறு பெரிய கதை கிடையாது. பல்லவி சிங்களத்தில் நிற்க, நடுவில் தமிழ் அடிகள் புகுந்தன. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைத் திரைக்கு எடுத்துவந்தபோது மலேசியா வாசுதேவன் பாடினார். இலங்கையின் பாட்டை மலேசியாவில் பிறந்தவர் சென்னையில் பாட, மதுரையிலும் நெல்லையிலும் அது ஒலித்தது. அப்படியானால் இதன் மூலம் எது? தாளத்தைக் கவனியுங்கள். மூன்று மூன்றாக இருமுறை விழும் அந்த ஆறடித் துள்ளல் பைலாவுக்கு உரியது. போர்த்துக்கீசியர் காலத்தில் வந்த பாட்டு முறையும், அவர்கள் காலம் முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் தாளமும் கலந்து பிறந்தது பைலா. புத்தளம் பக்கத்தில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பாடுகிறார்கள். கலப்பிலேயே பிறந்த ஒன்றை, கலப்பு கெடுத்துவிடும் என்று அஞ்சுவதில் பொருளில்லை.

நம் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு மறுபதிவுக்கு வழி தருகிறது. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத் தொகையைக் கட்ட வேண்டும். இவ்வளவும் செய்தாலும், உரிமையாளர் சம்மதமின்றிச் சொல்லையோ இசையையோ மாற்றக் கூடாது. பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியாகத் தேவைப்படும் மாற்றத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அச்சுப்பிசகாத நகலுக்குக் கதவு திறந்திருக்கிறது. சொல்லை மாற்றுகிறவர் சம்மதம் வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். ஐம்பதாயிரம் பிரதிக்குப் பணம் கட்டக்கூடிய கானாக்காரர் எந்தக் குப்பத்தில் இருக்கிறார்?

சொல் மாறியதால் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு 2015 சாட்சி. சென்னைக்காரரான சோபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜ் 2014இல் வெளியிட்ட 'அனகோண்டா'வின் மெட்டை எடுத்து, கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசைப் பற்றி 'கொடைக்கானல் வோண்ட்' பாடினார். அந்த 'அனகோண்டா'வே சர் மிக்ஸ்-அ-லாட்டின் 1992ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து துண்டெடுத்துக் கட்டியதுதான். கொடைக்கானல் ஆலை 2001இல் மூடப்பட்டது. 2016 மார்ச்சில் அதன் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டினால் மட்டும் அது நடந்தது என்று சொன்னால், ஆண்டுக்கணக்கில் போராடிய தொழிலாளர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். ஆனால் அவர்கள் பேச்சுக்குக் காது கொடுக்காதவர்களையும் அந்த மெட்டு நின்று கேட்க வைத்தது. மினாஜே அதைப் பகிர்ந்தார். புதிய மெட்டுக்கு அந்த வாசல் திறந்திருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். இந்த எண்ணூரைப் பற்றிய பாட்டு இரவல் மெட்டில் வரவில்லையே? உண்மை. 2017 பொங்கலை ஒட்டி வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' புதிதாகவே ஆக்கப்பட்டது. கபேர் வாசுகி எழுத, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி. எம். கிருஷ்ணா பாடினார். ஆனாலும் அது எதையும் இரவல் வாங்கவில்லையா? ஆனந்தபைரவியில் தொடங்கி பேகடை, தேவகாந்தாரி என்று நகர்ந்து சிந்துபைரவியில் முடியும் ராகமாலிகை, சபாக்களில் நூறாண்டுக்கு மேல் புழங்கிய உருவம். அந்த உருவத்துக்குள் சென்னைப் பேச்சுத்தமிழ் நுழைந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழியோரத்தில், முகமூடியோடு நின்றார் பாடகர். பேகடையின் வளைந்த பிடிகளில் இதுவரை பெரும்பாலும் பக்தியே உட்கார்ந்திருந்தது. இப்போது கொசஸ்தலையாற்றின் ஊர்ப்பொது நிலம் உட்கார்ந்தது. அந்த மாதக் கடைசியிலேயே காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்தக் கழிக்குள்ளேயே வந்து வலையிலும் படகிலும் அப்பியது. ஆகவே இந்தப் பாட்டின் சொல்லும் அப்படியே உறைந்துவிட முடியாது. வெள்ளத்துக்குப் பின் பாடுகிறவர் எண்ணெயையும் சேர்த்துத்தான் பாட வேண்டும்.

இன்னொரு மறுப்பை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆக்கியவருக்கு என்ன கிடைத்தது? ஈழத்துப் பொப் இசைக்கு வழிபோட்ட நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை முணுமுணுக்கத் தெரிந்த எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சொல்லை மாற்றும் உரிமை வேண்டும் என்று கேட்கிற நான், பெயரை மறைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்றும் சொல்கிறேன். இந்தக் குப்பத்து இளைஞர்கள் கைபேசியில் பாட்டைப் பதிந்து ஏற்றும்போது, மெட்டு யாருடையது, பழைய சொல் யாருடையது, புதுச் சொல் யாருடையது என்ற மூன்றையும் எழுதிவிட்டு ஏற்ற வேண்டும். காசு வந்தால் மெட்டுக்காரருக்கும் அதில் ஒரு பங்கு போக வேண்டும்.