அந்திச் செபமும் அருந்தமிழும்



இந்த இலக்கியத் தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்தவ இல்லங்களில் நாள்தோறும் நடைபெறும் செபங்களும் அவற்றைத் தாங்கிநிற்கும் தமிழும் என்பதாகும். சைவக் குடும்பத்திலே பிறந்து, இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இப்பொருளிலே என்ன அக்கறை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் படிப்பிக்கும் எவரும் கிறிஸ்தவர்களின் பங்கைத் தவிர்த்துவிட்டு வகுப்பை முடிக்க முடியாது. இது முதற்காரணம். நான் வாழும் வவுணதீவு இரண்டாவது காரணம். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையின் வாசலிலே அமைந்த ஊர் இது. அயல்வீட்டுச் செபத்தைச் சிறுவயது முதலே வேலிக்கு இப்பால் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள் இங்கு பலர். அவர்களுள் நானும் ஒருவர்.

இறைவனை நெருங்குவது எவ்வாறு என்ற கேள்வி எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. திருவிழா நாளிலே உள்ளம் உருகுவது எளிது. மேளமும் விளக்கும் கூட்டமும் நம்மைத் தாமாகவே தூக்கிச் செல்லும். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள், வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகவேண்டிய சாதாரண நாளிலே என்ன செய்வது? கிறிஸ்தவ மரபு இதற்குத் தரும் விடை மிகவும் எளிமையானது. சிறிய செயல் ஒன்றை, குறித்த நேரத்திலே, நாள் தவறாமல் செய் என்பதே அவ்விடை.

கத்தோலிக்க இல்லமொன்றின் நாளை எடுத்து நோக்குவோம். துயில் எழுந்ததும் சிலுவை அடையாளம் இட்டு, அன்றைய வேலைகளையும் துன்பங்களையும் இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பார்கள். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் கோயில் மணி ஒலிக்கும்போது மூவேளைச் செபம் சொல்லுவார்கள். அந்தியில் குடும்பத்தார் ஒன்றுகூடிச் செபமாலை சொல்லுவார்கள். உறங்கப்போகுமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து நன்றியும் மன்னிப்பும் கேட்பார்கள். மெதடிஸ்த இல்லங்களிலே செபமாலை இல்லை. அங்கே வேதவாசிப்பும் பாட்டும் சொந்த வார்த்தைகளிலான ஜெபமும் சேர்ந்த குடும்ப ஜெபம் உண்டு. மட்டக்களப்புக்கு 1814 ஆம் ஆண்டிலே வந்து, கல்விப்பணியைத் தொடக்கி, மறுவருடமே இங்கு மறைந்த வில்லியம் ஓல்ட் அவர்களின் காலந்தொட்டு வரும் மரபு அது.

இச்செபங்களைச் சுற்றி வழங்கும் சொற்களைக் கவனியுங்கள். கர்த்தர் கற்பித்த செபத்தைப் பழைய கத்தோலிக்கர் பரலோக மந்திரம் என்பர். மரியன்னையை வாழ்த்துவது அருள்நிறை மந்திரம். ஆராதனை நடைபெறும் இடம் கோயில். அங்கு நடப்பது பூசை. அதை நடத்துபவர் சுவாமி. மந்திரம், கோயில், பூசை, சுவாமி ஆகியவை யாருடைய சொற்கள்? சைவரின் சொற்கள் என்றால் கத்தோலிக்கர் மறுப்பர். கத்தோலிக்கரின் சொற்கள் என்றால் சைவர் சிரிப்பர். அவை தமிழ்ச் சொற்களாக வழங்கி வருபவை. இந்த மண்ணிலே இறைவனிடம் பேச விரும்பியவர்கள் எல்லோரும் ஒரே கிணற்றிலே தண்ணீர் அள்ளியிருக்கிறார்கள்.

செபமாலையைப் பற்றி ஒரு குறை அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. ஒரே வார்த்தைகளை ஐம்பது தரம் சொல்வது கிளிப்பிள்ளைப் பாடம் அல்லவா என்பதே அது. செபமாலையின் வரலாறு இங்கு உதவும். ஐரோப்பியத் துறவிகள் விவிலியத்தின் 150 சங்கீதங்களையும் முறைவைத்து ஓதிவந்தார்கள். எழுத்தறியாத மக்களுக்கு அது இயலவில்லை. அவர்கள் 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 மந்திரங்களை மணியெண்ணிச் சொன்னார்கள். படிக்காதவன் படித்தவனோடு சேர்ந்து நிற்கக் கண்ட வழி அது. ஒவ்வொரு பத்து மணிக்கும் இயேசுவின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை மனம் தியானிக்க வேண்டும். மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று மூவகையாக இருந்த தியானங்களோடு, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2002 ஆம் ஆண்டிலே ஒளியின் தியானங்களையும் சேர்த்தார். நாவு ஒன்றைச் சொல்ல, மனம் மற்றொன்றைக் காண்பதே இதன் முறை.

இதே கேள்வியைச் சிறுவயதிலே எங்கள் அயல்வீட்டு ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். "ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றீங்களே ஆச்சி, அலுக்காதா?" என்றேன். ஆச்சி வாவியைக் கையால் காட்டி, "தோணிக்காரன் ஒரு தரமா மனே துடுப்புப் போடுறான்? போட்ட துடுப்பத்தானே திரும்பவும் போடுறான். தோணி நிண்ட இடத்திலயா நிக்குது?" என்றார். பின்னாளிலே நான் வாசித்த விளக்கவுரைகள் எவையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

நாளாந்தச் செபத்தின் வலிமையைச் சோதித்துப் பார்த்த காலமொன்று நமது நாட்டு வரலாற்றிலே உண்டு. 1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687 ஆம் ஆண்டு யோசேவ் வாஸ் அடிகளார் கோவையிலிருந்து, அதாவது கோவா நாட்டிலிருந்து, ஏழைக் கூலியாளின் கோலத்திலே வந்து சேரும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் வடபகுதி மக்களுக்குப் பூசை இல்லை; பாவசங்கீர்த்தனம் இல்லை; குருவின் குரல் இல்லை. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடித்துப் பிள்ளை பெறும் காலம் அது. வந்தவர் தம்மக்களை எப்படி அடையாளம் கண்டார்? கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார் என்பர். அம்மாலையைக் கண்டு எந்த வீட்டார் கண்கள் மலர்ந்தனவோ, அந்த வீட்டார் அவருடைய மக்கள். அடிகளாரைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பிலே புனிதராகப் பிரகடனம் செய்தார்.

நேயர்களே, இங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கோயில் பூட்டப்பட்ட அந்த 30 ஆண்டுகளிலே அச்சமயத்தைக் காப்பாற்றியது எது? பெரும் நூல்கள் அல்ல, பேரறிஞர்கள் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளை அருகில் இருத்தி, மனப்பாடமாகச் சொன்ன செபமே அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். குருமார் இல்லாத ஊர்களிலே செபத்தை நடத்திய பொதுமக்களை மூப்பர் என்றும் அண்ணாவி என்றும் அழைத்தார்கள். நமக்கு அண்ணாவியார் என்றதும் வட்டக்களரியும் கூத்தும் நினைவுக்கு வரும். கூத்தைச் சொல்லிக்கொடுப்பவரும் செபத்தைச் சொல்லிக்கொடுப்பவரும் ஒரே பெயரைப் பெற்றது கவனிக்கத்தக்கது. இருவரும் ஏட்டிலுள்ளதை வாயிலே ஏற்றி, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர்கள்.

செபத்துக்கு அடுத்தது வேதவாசிப்பு. 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கீகோ என்ற துறவி இதனை நான்கு படிகளாக வகுத்தார். வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், மௌனமாக இறைவன் முன் அமர்ந்திருத்தல் என்பன அவை. வாசித்த சிறுபகுதியை அசைபோட வேண்டும் என்பது அத்துறவிகளின் விருப்பமான உவமை. இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. நல்ல மாணாக்கனுக்குப் பவணந்தி முனிவர் கூறும் உவமைகளுள் ஒன்று பசு. வயிறார மேய்ந்த பின் ஓரிடத்திலே அமர்ந்து, மேய்ந்ததை மீட்டு அசைபோடுவது பசுவின் இயல்பு. நடுப்பகலிலே எங்கள் வயலோரத்து மரநிழலிலே மாடுகள் செய்வதைத்தான் துறவியும் இலக்கண ஆசிரியரும் நம்மைச் செய்யச் சொல்கிறார்கள். பத்து அதிகாரங்களை ஓட்டமாக ஓடுவதிலும், ஒரு வசனத்தை வாயிலும் மனத்திலும் வைத்து நாள் முழுவதும் மெல்லுவது மேல்.

அந்த வேதாகமத்தின் தமிழிலே நம்மவர் ஒருவரின் கையும் பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரின் மேற்பார்வையில் நடைபெற்ற மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர், சைவத்தின் காவலராக நாம் போற்றும் ஆறுமுக நாவலரே. அம்மொழிபெயர்ப்பு 1850 ஆம் ஆண்டளவிலே வெளிவந்தது. தமக்கு உடன்பாடில்லாத சமயத்தின் நூலுக்கும் பிழையற்ற தமிழைக் கொடுக்கவேண்டும் என்ற நேர்மை நாவலருக்கு இருந்தது. இன்றைய எழுத்தாளர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது.

இனி, துயரத்துக்கு வருவோம். நாள்தோறும் செபிக்கிறவனுக்கு ஒருநாள் செபிக்க வார்த்தை வராமற் போகும். மன்றாடியது கிடைக்காமற் போகும். அப்போது என்ன செய்வது? யோசேவ் வாஸ் அடிகளாரின் அடியொற்றி 1705 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் எழுதினார். அவருடைய பெயரால் வழங்கும் வியாகுலப் பிரசங்கம் இயேசுவின் பாடுகளை விரித்துரைப்பது. தவக்காலத்திலே அதனை இராகத்தோடு வாசிக்க, கேட்போர் கண்ணீர் சொரிவர். எங்கள் மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகை அம்மன் ஆலயங்களிலே வைகாசி மாதத்தில் கண்ணகி வழக்குரை படிக்கப்படுவதைக் கேட்டவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. அங்கே குற்றமற்ற கணவனை இழந்த பெண். இங்கே குற்றமற்ற மகனை இழந்த தாய். ஆண்டுதோறும் அதே கதை, அதே அழுகை. சொந்தத் துயரத்துக்கு வார்த்தை இல்லாதவர்களுக்கு இந்த ஏடுகள் வார்த்தை கொடுத்தன.

1990 களிலே எங்கள் படுவான்கரைக்கு அது தேவைப்பட்டது. வாவி அப்போது வெறும் நீர்ப்பரப்பாக இருக்கவில்லை; எல்லைக்கோடாக இருந்தது. வவுணதீவுச் சோதனைச் சாவடியைக் கடந்து நகருக்குப் போனவர் அந்திக்குள் திரும்புவாரா என்று வீடுகள் காத்திருந்தன. திரும்பாதவர்களும் உண்டு. மின்சாரமற்ற இரவுகளிலே, குப்பி விளக்கின் ஒளியில், ஒரு வீட்டிலே தேவாரமும் மறுவீட்டிலே செபமாலையும் மெல்லிய குரலில் ஒலித்தன. மகன் வந்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டுத் தாய்மாரும் மன்றாடினார்கள். சிலருடைய மன்றாட்டு இன்றுவரை விடையின்றி நிற்கிறது. இதற்கு ஒரு சமாதானம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சங்கீதங்களிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முறைப்பாடுகள் என்பதை மாத்திரம் சொல்லலாம். இறைவனிடம் கோபித்துக்கொள்வதும் செபமே என்று அம்மரபு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கோபித்துக்கொண்டும் மறுநாள் அந்தியிலே விளக்கை ஏற்றிய தாய்மாரை நான் அறிவேன். நெருக்கம் என்பதற்கு அதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

வாயாற் சொல்வதோடு வழிபாடு முடிந்துவிடுவதில்லை. உலையிலே அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசிப் பழக்கம் கிறிஸ்தவ இல்லங்களில் உண்டு. கோயிலுக்கும் மடத்துக்கும் அவ்வாறு சேர்ப்பது சைவருக்கும் பழக்கமானதே. ஒருபிடி அரிசியால் வீட்டாரின் பசி கூடுவதில்லை. ஆனால் சமைக்கும் ஒவ்வொரு வேளையும் பசித்த ஒருவரின் நினைவு அடுப்படிக்கு வருகிறது. செபத்தைக் கையாற் செய்யும் முறை அது.

இரவிலே செய்யும் ஆன்மசோதனையும் அத்தகையதே. யேசுசபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதனை முறைப்படுத்தினார். முதலில் நன்றி, பின்பு தெளிவுக்காக வேண்டுதல், பின்பு விடியல் முதல் நடந்தவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல், தவறுக்கு வருந்துதல், நாளைக்கான தீர்மானம். குற்றத்துக்கு முன்னே நன்றியை வைத்தது அவருடைய நுட்பம். அச்சபையினர் நடத்திய மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலேதான் சுவாமி விபுலாநந்தர் இளமையிலே கற்றார் என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஈசன் உவக்கும் மலர்களாக அடிகள் பாடியவை உள்ளமும் குவித்த கைகளும் நோக்கும் விழிகளுமே. அம்மூன்றையும் நாள்தோறும் பேணுவதற்கான பயிற்சியைத்தான் இதுவரை பேசிவந்தோம்.

2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. பலியானவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் கத்தோலிக்கக் கோயில்களிலே பூசை நடைபெறவில்லை. மக்கள் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பூசை கண்டார்கள். மறுவருடம் கொள்ளைநோய் வந்து மீண்டும் கதவுகளைச் சாத்தியது. 1658 திரும்பி வந்ததுபோல் இருந்தது. வீட்டிலே செபிக்கப் பழகியிருந்தவர்களுக்கு அக்காலத்தைத் தாண்ட ஒரு கைப்பிடி இருந்தது.

செப்டம்பர் மாதத்திலே ஆயித்தியமலை மாதாவின் திருவிழாவுக்காக வலையிறவுப் பாலத்தைக் கடந்து யாத்திரிகர்கள் எங்கள் ஊர்வழியே நடந்து செல்வார்கள். அவர்களுள் சைவரும் உண்டு. அந்த நீண்ட நடையை நாம் வியந்து பார்க்கிறோம். வருடத்தில் ஒருநாள் நடப்பது பெரிதுதான். ஆயினும் மற்றைய நாட்களிலே, பாயிலிருந்து எழுந்து விளக்கடிக்குப் போகும் நாலைந்து அடிகளையும் நடை என்றே நான் கொள்வேன். எந்தச் சமயத்தவராயினும், இன்று அந்தியிலே தொலைக்காட்சியைச் சற்று நிறுத்தி, பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கள் தாயார் உங்களுக்குச் சொல்லித்தந்த செபத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது சமயத்தையும் காக்கும், தமிழையும் காக்கும்.