கப்பலேறிப் போன சமுதாயம் வாசலில் நிற்பவனை என்ன செய்யப் போகிறது?

(மாதாந்திரப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

சில வாரங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் அயர்லாந்தின் தலைநகரமான டப்ளினில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "ஹஜ்ரத், மகன் அங்கே மூணு வருஷமா இருக்கான். ராத்திரி வேலை முடிஞ்சு பஸ்ஸுல வர்றான். ரோட்டுல போற போது போன்ல தமிழ் பேசாதேன்னு சொல்லி வச்சிருக்கேன். நியூஸைப் பார்த்தா பயமா இருக்கு. திரும்பி வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அவருடைய பயம் வீண் பயம் அல்ல. 2025 ஜூலையில் டப்ளினின் டாலா பகுதியில் ஓர் இந்தியரை ஒரு கும்பல் அடித்து, உடையை உருவி, இரத்தம் வழிய விட்டுச் சென்றது. அவர் குழந்தைகளிடம் தவறாக நடந்தார் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதையில் உண்மை இல்லை என்று பின்னர் தெரிந்தது. அடுத்தடுத்துத் தாக்குதல்கள் நடந்தன. ஆகஸ்டு முதல் தேதியன்று, ஆளில்லாத இடங்களுக்கு நேரங்கெட்ட நேரத்தில் போகாதீர்கள் என்று இந்தியத் தூதரகமே எச்சரிக்கை வெளியிட்டது.

அந்தப் பெரியவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த நாட்டில் என்னதான் நடக்கிறது என்பதை நாம் விளங்கிக் கொள்ள வேண்டும். விளங்காமல் பயப்படுவதும் தவறு. விளங்காமல் ஏசுவதும் தவறு.

பசி துரத்திய மக்கள்

1841இல் அயர்லாந்துத் தீவின் மக்கள் தொகை 80 லட்சத்துக்கும் அதிகம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழை மக்களுக்கு அதுதான் உணவு. ஆண்டது பிரிட்டிஷ் அரசு. மக்கள் பட்டினியில் சாகும்போதே தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள்.

அன்று அவர்களுக்கு உதவியவர்கள் யார்? கல்கத்தாவில் நிதி திரட்டி அனுப்பினார்கள். தங்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள், 1847இல் தங்கள் வறுமையிலும் பணம் சேர்த்து அனுப்பினார்கள். துருக்கியின் உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீது 1,000 பவுன் கொடுத்தார். இதைச் சுற்றி எத்தனையோ கதைகள் சேர்ந்துவிட்டன. கதைகளை விடுங்கள், அந்த 1,000 பவுன் வரலாற்றில் பதிவான உண்மை.

கப்பலேறிப் போனவர்களுக்கு அமெரிக்காவில் என்ன வரவேற்பு கிடைத்தது தெரியுமா? 'ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று வேலை விளம்பரம் போட்டார்கள். இவர்கள் போப்பாண்டவருக்கு அடிமைகள், நம் நாட்டோடு ஒட்டமாட்டார்கள், குற்றவாளிகள், கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று பிரச்சாரம் செய்தார்கள். பஞ்சத்துக்கு முன்பே, 1844இல் பிலடெல்பியா நகரில் இவர்களுடைய கத்தோலிக்க தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். 1850களில் குடியேற்ற எதிர்ப்பையே கொள்கையாகக் கொண்டு ஒரு கட்சி அங்கே வளர்ந்தது.

இந்தக் குற்றச்சாட்டுகளை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது அல்லவா? ஊரும் பெயரும்தான் மாறியிருக்கின்றன. பாட்டு அதே பாட்டு.

ஒரே ஆண்டில் இரண்டு வாசல்கள்

விடுதலைக்குப் பிறகும் அந்த நாட்டு மக்கள் வெளியேறிக் கொண்டேதான் இருந்தார்கள். 1961இல் அயர்லாந்துக் குடியரசின் மக்கள் தொகை 28 லட்சம்தான். 1990களில் நிலைமை தலைகீழானது. தொழில் பெருகியது. ஆட்கள் தேவைப்பட்டார்கள். போனவர்கள் திரும்பினார்கள்; மற்றவர்களும் வந்தார்கள்.

2004ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே முதல் தேதி ஐரோப்பிய யூனியனில் போலந்து உள்ளிட்ட 10 நாடுகள் சேர்ந்தன. அந்த நாட்டுத் தொழிலாளர்களுக்கு அன்றே கதவைத் திறந்துவிட்ட மூன்றே நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. ஆனால் அடுத்த மாதம், ஜூன் 11ஆம் தேதி, மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அயர்லாந்து மண்ணில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் பிறப்பினாலேயே குடியுரிமை என்ற நிலையை மாற்ற 79 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். உழைக்கும் கை வேண்டும், ஆனால் அந்தக் கையைப் பிடித்துக் கொண்டு வரும் குழந்தையைப் பற்றி யோசிக்க வேண்டும்! இந்த இரட்டை மனம் இன்றுவரை அந்த நாட்டு அரசியலில் தொடர்கிறது.

தஞ்சம் கேட்டு வந்தவர்களை எப்படி வைத்திருந்தார்கள்? 2000ஆம் ஆண்டிலிருந்து விடுதிகளில் தங்கவைத்து, மூன்று வேளை உணவு கொடுத்து, வாரத்துக்கு 19 யூரோ சொச்சம் கைச்செலவுக்குக் கொடுத்தார்கள். வேலை செய்யத் தடை. சிலருக்கு இப்படியே எட்டு ஆண்டு, பத்து ஆண்டு போனது. வேலை செய்ய விடாமல் வைத்துவிட்டு, 'உட்கார்ந்து தின்கிறார்கள்' என்று பேசினால் அது நியாயமா? பர்மாவைச் சேர்ந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். இந்த முழுத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகே 2018இல் வேலை செய்யும் உரிமை வந்தது. சட்டத்தின் வழியாகப் போராடி உரிமை பெற முடியும் என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

நாடு நிரம்பிவிட்டதா?

2022இல் உக்ரைன் போர் வந்தது. அதிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான உக்ரைன் மக்களுக்கு அயர்லாந்து பாதுகாப்பு அளித்தது. மற்ற நாடுகளிலிருந்து தஞ்சம் கோரியோர் அந்த ஆண்டு 13,000க்கும் மேல். 2024இல் 18,000க்கும் மேல். சிறிய நாட்டுக்கு இது பெரிய சுமைதான். நாம் மறுக்கவில்லை. 'அயர்லாந்து நிரம்பிவிட்டது' என்ற கோஷம் எழுந்தது.

நிரம்பிவிட்டதா? கணக்குப் பார்ப்போம். குடியரசில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 51 லட்சம் பேர். வட அயர்லாந்தில் சுமார் 19 லட்சம். இரண்டையும் கூட்டினால் 70 லட்சம். பஞ்சத்துக்கு முன்பிருந்த 80 லட்சத்தை அந்தத் தீவு இன்னும் எட்டவில்லை!

அப்படியானால் நெருக்கடி எங்கே? வீட்டில் இருக்கிறது. 2006இல் அந்த நாட்டில் 80,000க்கும் அதிகமான வீடுகள் கட்டினார்கள். 2008இல் வங்கிகள் சரிந்தன. 2013இல் கட்டியது சில ஆயிரம் வீடுகள்தான். பல ஆண்டுகள் கட்டாமல் விட்டதன் விளைவு, 2025இல் 16,000க்கும் அதிகமானோர் வீடில்லாமல் அரசின் அவசரத் தங்குமிடங்களில் இருந்தார்கள். வாடகை தாங்க முடியாமல் ஐரிஷ் இளைஞர்களே ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள்.

சகோதரர்களே! அந்த வீடுகளைக் கட்டாமல் விட்டது யார்? சிரியாவிலிருந்து வந்தவரா? கேரளத்திலிருந்து போன நர்ஸா? அந்த நர்ஸ்கள் இல்லையென்றால் அங்குள்ள ஆஸ்பத்திரிகள் திணறிப் போகும். ஆள்பவர்கள் செய்த தவறுக்கு, அடியில் கிடப்பவர்கள் ஒருவரையொருவர் அடித்துக் கொள்கிறார்கள். எந்த நாட்டிலும் நடப்பது இதுதான்.

வதந்தியின் நெருப்பு

2023 நவம்பர் 23ஆம் தேதி டப்ளினில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளியே சிறு குழந்தைகளும் அவர்களைக் காக்கப் போன பெண்ணும் கத்தியால் குத்தப்பட்டார்கள். கொடுமையான செயல்; அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. கைதானவர் அல்ஜீரியாவில் பிறந்து ஐரிஷ் குடியுரிமை பெற்றவர் என்ற செய்தி பரவியது. அன்று இரவே பஸ்களையும் போலீஸ் வாகனங்களையும் கொளுத்தினார்கள், கடைகளைச் சூறையாடினார்கள்.

ஆனால் அந்தக் கத்தியைத் தடுக்கப் பாய்ந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பிரேசிலிலிருந்து வந்து, மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு போய்க் கொடுக்கும் தொழிலாளி! வண்டியை நிறுத்திவிட்டு, தன் ஹெல்மெட்டால் அடித்து வீழ்த்தினார். ஒருவன் செய்ததற்கு வெளிநாட்டவர் எல்லாரும் குற்றவாளி என்றால், இவர் செய்ததற்கு வெளிநாட்டவர் எல்லாரும் வீரர்கள் என்று ஏன் சொல்லவில்லை? ஒருவன் சுமையை மற்றவன் தலையில் ஏற்றக் கூடாது என்பதுதானே நீதி!

அதற்கடுத்த மாதம், தஞ்சம் கோருவோருக்காக ஒதுக்கப்பட்ட ஒரு விடுதி கால்வே மாவட்டத்தில் தீக்கிரையானது. 2024 ஜூலையில் கூலாக்கில் மோதல். 2025 அக்டோபரில் சிட்டிவெஸ்ட் விடுதிக்கு முன் கலவரம். அடுத்த மாதமே, தஞ்சம் கோருவோருக்கான விதிகளை அரசு இறுக்கியது.

எதிர்ப்பவர் எல்லாம் எதிரியா?

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். எதிர்ப்புத் தெரிவிப்பவர் அனைவரும் வெறியர்கள் அல்லர். ஒரு சிற்றூரில் இருப்பது ஒரே ஒரு விடுதி. கல்யாணம், கூட்டம், சுற்றுலா வருமானம் எல்லாம் அதில்தான். ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை அகதி முகாமாக மாற்றினால் ஊர் கேள்வி கேட்கத்தான் செய்யும். கூடுதலாக ஒரு டாக்டரும் இல்லை, ஓர் ஆசிரியரும் இல்லை என்றால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அந்த நியாயமான கேள்விக்கு அரசு பதில் சொல்லாத இடத்தில்தான், வெறுப்பு வியாபாரிகள் வந்து கடை விரிக்கிறார்கள். கேள்வி கேட்பவனையும் கொளுத்துபவனையும் ஒரே தட்டில் வைத்தால், கேட்பவனையும் கொளுத்துபவனிடம் நாமே ஒப்படைத்தவர்களாவோம்.

இன்னொரு உண்மையையும் பாருங்கள். 2024 நவம்பரில் பொதுத் தேர்தல் நடந்தது. குடியேற்ற எதிர்ப்பையே மூலதனமாகக் கொண்ட தீவிர வலதுசாரிக் கட்சிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஓரிடம் கூடக் கிடைக்கவில்லை. தெருவில் கூச்சல் போடுபவன்தான் நாடு என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

வந்தவன் செய்ய வேண்டியது

சரி, அவர்களைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தால் போதுமா? போய்க் குடியேறியவனுக்குக் கடமை இல்லையா?

அயர்லாந்தில் ஓர் அருமையான சட்டம் இருக்கிறது. குடியுரிமை இல்லாவிட்டாலும், அங்கே வசிக்கும் எவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், போட்டியும் இடலாம். ரொட்டிமி அடபாரி என்பவர் நைஜீரியாவிலிருந்து 2000ஆம் ஆண்டு தஞ்சம் கேட்டு வந்தவர். 2007இல் போர்ட்லீஷ் நகரின் மேயரானார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி மனநல மருத்துவர் மூசாஜி பாம்ஜி 1992இல் கிளேர் தொகுதியில் வென்று, அந்த நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினரானார். அன்று அந்த நாட்டிலிருந்த முஸ்லிம்கள் 4,000 பேர் இருக்கலாம். முஸ்லிம் ஓட்டில் அவர் ஜெயிக்கவில்லை. தொழிற்கட்சி வேட்பாளராக நின்று, ஊர் மக்கள் ஓட்டில் ஜெயித்தார்! 2024இல் தென் டப்ளின் மேயரான பேபி பெரேப்பாடன் கேரளத்துக்காரர். தந்தை வழியில் மும்பையைச் சேர்ந்த லியோ வரத்கர் பிரதமராகவே இருந்தார்.

மேயோ மாவட்டத்தில் பாலிஹானிஸ் என்றொரு சிற்றூர். ஹலால் இறைச்சித் தொழிற்சாலையால் வெளிநாட்டவர் அங்கே குடியேறினார்கள். 1987இல் பள்ளிவாசல் எழுந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஐரிஷ் மக்களின் பாரம்பரிய விளையாட்டு மன்றத்தில் சேர்ந்து மட்டை பிடித்தார்கள். அங்கே ஊரோடு கலக்க விளையாட்டு மன்றம்தான் முதல் வாசல்.

அந்த விளையாட்டுகளின் தலைமை மைதானம் டப்ளினிலுள்ள குரோக் பார்க். 1920இல் பிரிட்டிஷ் படைகள் மக்களைச் சுட்டுக் கொன்ற இடம். ஐரிஷ் மக்களுக்கு அது உயிரான மண். 2020 ஜூலை 31இல், கொரோனா காலத்தில், அதே மைதானத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை நடந்தது. இடம் கொடுத்தவர்கள் அந்த மண்ணின் மைந்தர்கள். மதத்தை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. எங்கள் மைதானத்துக்கு வா என்றார்கள். இணைந்து வாழ்வது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

பெரியவருக்குச் சொன்ன பதில்

அந்தப் பெரியவரிடம் சொன்னேன்: "அத்தா, திரும்பி வரச் சொல்லாதீங்க. எச்சரிக்கையா இருக்கச் சொல்லுங்க, அது அறிவு. ஆனா ஒளிஞ்சு வாழச் சொல்லாதீங்க. அவனிடம் ரெண்டு கேள்வி கேளுங்க. உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்துட்டானா? பக்கத்து வீட்டுக்காரர் பேர் அவனுக்குத் தெரியுமா?"

மறுவாரம் வந்தார். முகத்தில் வெட்கம். மூன்று வருஷத்தில் இரண்டும் நடக்கவில்லையாம்! பையன் அன்றே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். வயதான ஓர் அம்மா. அவருடைய மகன் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறானாம். "அந்த அம்மாவும் என்னை மாதிரியே ராத்திரி போனுக்காக முழிச்சுக்கிட்டு இருக்காங்களாம் ஹஜ்ரத்" என்றார்.

சகோதரர்களே! அயர்லாந்துக்கு நாம் சொல்வது இதுதான்: நீங்கள் கப்பலேறிய நாளை மறக்காதீர்கள். அங்கே போன நம் பிள்ளைகளுக்குச் சொல்வது: கதவைத் தட்டுங்கள், பெயரைப் பதியுங்கள், ஊரோடு கலந்து நில்லுங்கள். இங்கே இருக்கும் நமக்குச் சொல்லிக் கொள்வது: நம் தெருவில் பிழைக்க வந்து தங்கியிருக்கும் வெளியூர்க்காரனின் பெயர் நமக்குத் தெரியுமா? இன்று வீடு திரும்பும்போது அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.