மங்கலாக வைத்தால் கண்ணுக்கு நல்லதா?

(அந்தமான், ஹேடோவில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)



டிசம்பரில் இங்கே மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் அஸ்தமித்துவிடுகிறது. சென்னையில் மத்தியானக் காபி டபராவைக் கழுவி வைப்பதற்குள் நமக்கு சாயங்கால சந்தி வந்துவிடும். அப்புறம் நீண்ட இருட்டு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின், அந்த இருட்டில் எல்லார் கையிலும் செல்போன்தான்.

என் தாயார் ராத்திரி படுக்கையில் சுந்தர காண்டத்தைப் போனில் வாசிப்பார். அப்பாவின் தூக்கம் கெடக்கூடாதே என்று வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிடுவார். அரை மணியில் நெற்றிப்பொட்டில் வலி. மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் போகவில்லை. பாராயணத்தையே விட்டுவிடலாமா என்றுகூடச் சொல்லிவிட்டார்.

பிறகுதான் புரிந்தது. ஓ.எல்.இ.டி. திரைகள் பலவும் வெளிச்சத்தைக் குறைப்பது, குத்துவிளக்கின் திரியைத் தாழ்த்துவதுபோல் அல்ல. விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுவதுபோல், விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. 2017-ல் வந்த ஐபோன் எக்ஸில் இது சுமார் 240 தடவை. மங்கலாக்க ஆக்க, அணைந்திருக்கும் நேரம் நீளும். நாம் கண்ணுக்கு இதம் என்று செய்வதே துடிப்பைக் கூட்டுகிறது!

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு என்ன செய்யும் என்கிறீர்களா? பழைய சோக் வைத்த டியூப்லைட் நம் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். அதை மாற்றி அதிவேக மின்னணு சோக் போட்டதும் அலுவலக ஊழியர்களின் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்ததை, 1989-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. எல்லாருக்கும் இந்தத் தொந்தரவு வராது, சிலருக்கு வரும்.

வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். இருட்டறையில் போனை மங்கலாக்கி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன்னே பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே நிழலாகக் கலங்கித் தெரிந்தால் பயமில்லை. தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் திரை துடிக்கிறது.

பரிகாரம் சுலபம். வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் வைத்து, ஐபோனில் 'ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்', ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் உள்ள 'எக்ஸ்ட்ரா டிம்' இவற்றால் வெண்மையைத் தணியுங்கள். புதிதாக வாங்குவோர் துடிப்பு விநாடிக்கு 3,000-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். கண் சிமிட்ட மறப்பதாலும் எரிச்சல் வரும். வலி தொடர்ந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும், என்னிடம் அல்ல.

அம்மா இப்போது படுக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார். நேற்று நாற்பதாவது ஸர்க்கம் தாண்டியாயிற்று. அப்பாதான் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறார்.