மனைவிக்கு நோய், எனக்கு என்ன வேலை?

(சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன். லா கூர்னேவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். சங்கச் செயலாளர் வந்து, "உம்மடை மனுசி வருத்தம் வந்து சுகப்பட்டதைப் பற்றி ஒருக்காப் பேசும்" என்று கேட்டபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவா ஒரு நாள் யோசித்துவிட்டுச் சொன்னா: "பேசுங்கோ. ஆனால் என்னைப் பாவம் எண்டு சொல்லிப் பேசக்கூடாது. ஆம்பிளையளுக்குப் பிரயோசனமாய்ப் பேசுங்கோ." இப்போது இரண்டாம் வரிசையில் இருக்கிறா. ஆகையால் நான் கவனமாகத்தான் பேசவேண்டும்.

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வயது 34. நோகவில்லை. நோகாத கட்டி என்று விட்டுவிடாமல் அடுத்த கிழமையே குடும்ப வைத்தியரிடம் காட்டினா. படம் எடுத்து, ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்று உறுதியானது. பிரான்சில் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இதுதான். 2023இல் மட்டும் ஏறத்தாழ 61,000 பேருக்குப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை. "அவவுக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமிக்கு இதே வருத்தம். யாழ்ப்பாணத்தில் இருந்து மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பாதை பூட்டு. ஆமியிடம் பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்திருந்து, திருகோணமலையில் இறங்கி, பிறகு கொழும்பு. அவா போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. "மஹரகமவுக்குக் கொண்டு போயிட்டினம்" என்றால் முடிவு என்றுதான் ஊரில் அர்த்தம். நோய் கொன்றது பாதி, பாதை கொன்றது பாதி. இன்றைக்கு ஊரிலேயே நிலைமை வேறு. 2011இல் தேவேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து காசு சேர்த்தார்கள். அதனால் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது. நாங்களோ மெத்ரோ ஏறினால் அரை மணித்தியாலத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற நகரத்தில் இருக்கிறோம். பாதை திறந்திருக்கிறது. ஆனால் பழைய பயத்தை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்துவிட்டோம்.

சரி, வைத்தியத்தை வைத்தியர்கள் பார்ப்பார்கள். கணவனுக்கு என்ன வேலை? நான் கண்ட அளவில் ஐந்து வேலை.

முதலாவது, மொழிபெயர்க்காமல் இருப்பது. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறீர்கள். வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவன் நான்தான். ஆஸ்பத்திரியில் முடிவு சொல்கிற நாளில் வைத்தியர் என் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அப்போது மனைவி என் கையில் தட்டி, "எனக்கு என்ன எண்டு எனக்குத்தான் முதல் தெரியவேணும். தமிழ் ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கோ" என்றா. வைத்தியர் தொலைபேசியை எடுத்து ஒரு இலக்கத்தை அழுத்தினார். மேசையில் வைத்த ஒலிபெருக்கியில் ஒரு தமிழ் அம்மாவின் குரல் வந்தது. "கட்டி புற்றுநோய்க் கட்டி என்று வைத்தியர் சொல்கிறார். வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று இன்னும் பார்க்கவேண்டும். வைத்தியம் இருக்கிறது என்றும் சொல்கிறார்." ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மனைவி அழவில்லை. "பிள்ளையளுக்கு இது தொத்துமோ? நான் எப்ப வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டா. தொற்றாது என்று அந்தக் குரல் சொன்ன பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தா.

நான் மொழிபெயர்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கணவனின் வாயில் அந்தச் சொல் வராது. "சின்னக் கட்டி, வெட்டினால் சரியாம்" என்று வந்திருக்கும். அது அன்புதான். ஆனால் ஆறு மாதம் கீமோ ஏற்றப்போகிற ஒரு ஆளுக்கு அந்த அன்பால் பயனில்லை. ஐ.எஸ்.எம். என்ற அமைப்பு 1970இல் இருந்து இந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்கிறது. தமிழும் உண்டு. கூப்பிடுவது ஆஸ்பத்திரியின் வேலை, எங்களிடம் காசு கேட்பதில்லை. கேட்டவற்றை வெளியில் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. "லாச்சப்பல் முழுக்கத் தெரிஞ்சிடும்" என்று பயப்படவேண்டாம். இன்னொன்று, பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் மொழிபெயர்க்க விடாதேயுங்கோ. அந்தப் பாரத்தைப் பிள்ளை தாங்காது. 2002 மார்ச் 4ஆம் திகதிச் சட்டப்படி தன் நோயைப் பற்றி அறிகிற உரிமை நோயாளிக்குத்தான். அவர் நம்பிக்கைக்குரிய ஒருவரை எழுத்தில் நியமிக்கலாம். அதற்கு "பெர்சோன் து கொன்ஃபியான்ஸ்" என்று பெயர். அப்படி நியமிக்கப்பட்ட ஆளாக நான் ஒவ்வொரு சந்திப்புக்கும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஒரு கொப்பியில் திகதி, மருந்தின் பெயர், கேட்கவேண்டிய கேள்வி எல்லாம் எழுதினேன். அது கணவனுக்கான வேலை.

இரண்டாவது, அடுப்பு. கீமோவை இங்கே சிமியோ என்பார்கள். தோளுக்குக் கீழே தோலுக்குள் சின்னப் பெட்டி ஒன்று வைத்து அதன் வழியாக ஏற்றுவார்கள். காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரலாம். முதலில் ஏற்றியது சிவப்பு மருந்து. அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்று தாதி முன்கூட்டியே சொல்லிவிட்டா. இரண்டு மூன்று கிழமையில் முடி கொட்டத் தொடங்கும், அதுவும் சொன்னபடி நடந்தது. ஆனால் சமையல் மணத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீடு ஒரு அறையும் குசினியும். வெங்காயம் தாளித்தால் கட்டில்வரை மணக்கும். மிளகாய்த்தூள் கறியை உயிராக நினைத்த மனுசி, கறிச்சட்டியைக் கண்டால் குளியலறைக்கு ஓடினா. வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்குது என்றா. அதனால் எவர்சில்வர் கரண்டியை விட்டுப் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தோம். நான் வேலை முடிந்து வந்து, அவா நித்திரையான பிறகு யன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தேன். இடியப்பமும் காரமில்லாத சொதியும், பாற்கஞ்சி, தயிர்ச்சாதம். சூடாகக் கொடுத்தால் மணம் எழும்பும், ஆறவைத்துக் கொடுத்தால் இறங்கும். ஒரு கோப்பை நிறையக் கொடுத்து "சாப்பிடும், சாப்பிடும்" என்று நெருக்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தரம் கொடுக்கவேண்டும். சமையல் தெரியாது என்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன்: ரெஸ்ரோரன்ட் குசினியில் வெள்ளைக்காரனுக்குச் சமைக்கத் தெரிந்த எங்களுக்கு வீட்டில் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

மூன்றாவது, காவல். கீமோ ஏற்றிய பிறகு வெள்ளை இரத்த அணுக்கள் குறையும். அந்த நேரம் காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் அல்ல. 38 பாகைக்கு மேலே போனால் குளிசை போட்டுப் படுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அறிவிக்கவேண்டும். அந்த இலக்கத்தைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருந்தோம். ஒரு நாள் இரவு 2 மணிக்கு 38.4. உடனே அழைத்தோம், வரச்சொன்னார்கள், நான்கு நாள் வைத்து மருந்து ஏற்றினார்கள். விடியட்டும் என்று இருந்திருந்தால் ஆபத்து.

காவல் என்பது வாசலிலும்தான். சனம் அன்போடு வருகிறது. தடிமன் பிடித்த பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிறது. ஒருவர் இலைச்சாறு குடிக்கச் சொல்கிறார், ஒருவர் ஊரில் இருந்து எடுப்பித்த சூரணம் தருகிறார். எதையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம், சில பொருட்கள் மருந்தோடு முட்டும். இப்படி எல்லோருக்கும் "இல்லை" சொல்வது கணவனின் வேலை, நோயாளி சொல்லக்கூடாது. ஒரு அக்கா மட்டும் கிழமைக்கு ஒருமுறை மரக்கறி சூப்பைப் பையில் போட்டுக் கதவுப் பிடியில் தொங்கவிட்டு, மணியை அடித்துவிட்டு இறங்கிப் போய்விடுவா. எங்களுக்கு மிக உதவியது அந்தச் சூப்தான்.

நான்காவது, கடதாசியும் காசும். புற்றுநோய் இந்த நாட்டில் நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளது. "ஆ எல் தே" என்பார்கள். குடும்ப வைத்தியர் படிவம் அனுப்பினால், அந்த நோய்க்கான வைத்தியத்துக்கு அரச காப்புறுதி தன் கட்டணப்படி நூற்றுக்கு நூறு கொடுக்கும். ஆனால் எல்லாம் அதற்குள் வராது. ஆஸ்பத்திரியில் தங்குகிற நாட்கூலி, சில வைத்தியர்கள் மேலதிகமாக வாங்குகிற பணம் எல்லாம் வெளியே நிற்கும். அதற்கு முத்துவெல் வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரச உதவியோடு கிடைக்கிற மேலதிகக் காப்புறுதியும் உண்டு. நோயாளியின் நிலைமையைப் பார்த்து வைத்தியர் எழுதித் தந்தால் வாகனச் செலவும் கிடைக்கும். பயணத்துக்கு முன்பே எழுதி வாங்கவேண்டும். விசா இல்லாதவர்களும் வீட்டில் ஒளிந்திருக்கத் தேவையில்லை. "பாஸ்" என்கிற பகுதி, எங்களுக்குப் பக்கத்தில் லரிபுவாசியேர், சென் லூயி ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. காப்புறுதி இல்லாதவரையும் பார்த்து, கடதாசிக்கும் வழி சொல்வார்கள். ஆஸ்பத்திரியின் அசிஸ்தாந் சோசியாலைச் சந்திக்க முதல் நாளே கேளுங்கோ.

இனிச் சொல்லப்போவதைக் கடை, உணவகம் வைத்திருக்கிற அண்ணன்மார் கோபிக்காமல் கேட்கவேண்டும். வைத்திய விடுப்பில் இருக்கும்போது காப்புறுதி சம்பளத்தின் ஏறக்குறைய பாதியைக் கொடுக்கிறது. எந்தச் சம்பளத்தின் பாதி? சம்பளத் துண்டில் எழுதிய சம்பளத்தின் பாதி. என் மனைவி வேலை செய்த இடத்தில் பாதி மணித்தியாலம்தான் கடதாசியில் காட்டியிருந்தார்கள், மிச்சம் கையில். சுகமாக இருந்தபோது அது இலாபமாகத் தெரிந்தது. படுத்தபோது பாதியின் பாதிதான் வந்தது. ஊருக்கு அனுப்புகிற காசை நிறுத்தினோம். சீட்டை முந்தி எடுத்து வீட்டு வாடகை கட்டினோம். உங்களிடம் வேலை செய்கிற பிள்ளைகளின் மணித்தியாலங்களை முழுதாக எழுதுங்கோ. வேலை செய்கிறவர்களும் கேட்டு வாங்குங்கோ. இது ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

ஐந்தாவது வேலைதான் நீண்டது. 2024 ஆனியில் அறுவைச் சிகிச்சை, ஒரு பக்கத்தை எடுத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சை, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கிழமை. கடைசி நாள் முடிந்ததும் தொலைபேசியில் எல்லோரும், "எல்லாம் சுகம்தானே, இனிப் பிரச்சினை இல்லைத்தானே" என்றார்கள். அன்றில் இருந்துதான் மனைவி தளர்ந்து போனா. வைத்தியம் நடக்கும்போது தினமும் ஒரு தாதி, ஒரு திகதி, ஒரு வேலை இருந்தது. முடிந்ததும் வீடும் நினைப்பும் மட்டும். உடம்புக் களைப்பு பல மாதம் போகவில்லை, நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு. சோம்பல் என்று சொல்லிவிடாதேயுங்கோ. ஹோர்மோன் குளிசை ஐந்து வருடத்துக்குக் குறையாமல் போடவேண்டும். வருடாவருடம் படம் எடுக்கிற கிழமையில் எங்கள் வீட்டில் சத்தம் குறைந்துவிடும்.

அவா உடுப்பு மாற்றும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்ற காலமும் இருந்தது. இதைச் சொல்லவும் அவாவிடம் அனுமதி வாங்கினேன். மார்பை மீண்டும் அமைக்கிற அறுவைக்கும் காப்புறுதி உண்டு. செய்வதா வேண்டாமா என்பது அவாவின் முடிவு, இன்னும் முடிவெடுக்கவில்லை. சில வீடுகளில் இந்த நேரத்தில் மனிசன் விலகிப் போகிறான் என்று கேள்விப்படுகிறோம். என் வாயில் பெரிய வசனம் ஒன்றும் வரவில்லை. முன்பு எப்படிப் பக்கத்தில் இருந்தேனோ அப்படியே இருந்தேன். மனதுக்குப் பாரமாக இருந்தால் பேச ஆள் தேடுவதில் வெட்கமில்லை. 1918இல் தொடங்கிய லீக் கோந்த்ர் ல கான்செர் என்ற அமைப்பு நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உதவுகிறது. கணவன்மாரும் போகலாம், நானும் போனேன்.

2024 சித்திரை வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைக்க அவா தலையில் ஒரு முடி இல்லை. வெறும் தலையில்தான் வைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவாவும் சிரித்தா. 2025இல் பையன்கள் மாதிரிக் குட்டை முடி. அந்த வைகாசியில் அரை நேர வேலைக்குத் திரும்பினா.

சங்கத்திடம் இரண்டு விண்ணப்பம். ஒன்று, ஆஸ்பத்திரிக்குக் கூடப்போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து கூட்டிவரவும் மனமுள்ளவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்திருங்கோ. இரண்டு, 50 முதல் 74 வயது வரையான பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக மார்புப் படம் எடுக்க அழைப்பு வரும். 2004இல் இருந்து நாடு முழுவதும் நடக்கிறது. அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று குப்பையில் போடுகிற அம்மாமார் எத்தனை பேர்? ஒரு பின்னேரம் அவர்களைக் கூட்டி விளங்கப்படுத்துவோம். வயது குறைந்த சகோதரிகள் கட்டி ஏதும் தட்டுப்பட்டால், நோகாவிட்டாலும் அந்தக் கிழமையே காட்டுங்கோ.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. கேள்வி உள்ளவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வரலாம். பெண்கள் என் மனைவியிடம் கேட்கலாம், பதில் சொல்ல ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறா. எல்லோருக்கும் வருகிற புத்தாண்டு நோய் நொடி இல்லாமல் அமையட்டும்.