விண்வெளிச் சுவரொட்டிகளும் ஒரு சைக்கிளும்

செம்பரம்பாக்கம் வழியாகப் போகிற பெங்களூரு நெடுஞ்சாலையில், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் தினமும் பார்க்கிற சுவரொட்டி ‘ஆட்கள் தேவை’. இன்று நான் பேசப்போவது வேறொரு காலத்துச் சுவரொட்டிகளைப் பற்றி.

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் விண்வெளிக்குப் போய், 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றித் திரும்பினார். சோவியத் நாடு முழுக்கச் சுவரொட்டிகள் எழுந்தன. சிவப்புப் பின்னணி, மேலே பாயும் ராக்கெட், தலைக்கவசத்துக்குள் சிரித்த முகம். அந்த முகம் நம்மூருக்கும் வந்தது. தமிழில் வெளிவந்த சோவியத் பத்திரிகைகளின் வழவழப்பான தாளில் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பிரச்சாரம்தான். அமெரிக்காவை முந்திவிட்டோம் என்று உலகத்துக்குச் சொல்லத்தான் அத்தனை வண்ணமும். ஆனாலும் அவை கொண்டாடிய மனிதர்கள் பொய்யில்லை. ககாரின் வார்ப்படத் தொழில் கற்றவர். 1963 ஜூனில் விண்ணுக்குப் போன முதல் பெண் வாலன்டினா தெரஷ்கோவா, பஞ்சாலைத் தொழிலாளி. தொழிற்பகுதியான ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து விடுதிக்குத் திரும்புகிற பெண்ணுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் மனக்குறை வேறு. ககாரினை ஏற்றிப்போன ராக்கெட்டை உருவாக்கியவர் செர்கெய் கொரொல்யோவ். அந்தச் சுவரொட்டிகளில் அவர் இல்லை. அரசு அவரை மறைத்தே வைத்திருந்தது. 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவர் பெயரைக் கேட்டது. தலைமை வடிவமைப்பாளருக்கே இந்தக் கதி என்றால், பற்றவைத்தவர், கம்பி இணைத்தவர் எல்லாம் எங்கே?

இனி நம் கதைக்கு வருவோம். நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவானது. செம்பரம்பாக்கத்தைத் தொட்டுப் போகிற இதே நெடுஞ்சாலைதான் பீன்யாவையும் கடந்து போகிறது. விஞ்ஞானி யு.ஆர்.ராவ் தலைமையில் உருவாகி, 1975 ஏப்ரல் 19-ல் சோவியத் ராக்கெட்டில் ஏறிய ஆரியபட்டாவின் படம் அப்புறம் இரண்டு ரூபாய் நோட்டிலேயே வந்தது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு சுவரொட்டி!

இருந்தாலும் இந்திய விண்வெளியின் சிறந்த சுவரொட்டிகள் என்று நான் சொல்வது இரண்டு புகைப்படங்களை. ஒன்றில், ஆப்பிள் என்ற இந்தியச் செயற்கைக்கோள் மாட்டுவண்டியில் நிற்கிறது. ஆன்டெனா சோதனையில் வாகனத்தின் உலோகம் அலைகளைக் குழப்பிவிடக் கூடாது என்று மரவண்டியைத் தேர்ந்தார்கள். ஏழ்மைக்கு அடையாளமாக அதைக் காட்டுவது தவறு. மற்றொன்று, கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்தது. ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப் போகிறார்கள். பொறியாளர் சி.ஆர்.சத்யா, உதவியாளர் வேலப்பன் நாயர் என்று இருவர் பெயரும் பதிவாகியிருக்கின்றன. சோவியத் சுவரொட்டிகள் செய்யாததை அந்தச் சைக்கிள் படம் செய்துவிட்டது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், வல்லம் வடகாலில் சிப்காட்டின் விமான, விண்வெளித் தொழிற்பூங்கா இருக்கிறது. அங்கே ஆலை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வாசலில் பெரிய படம் வைக்கும்போது, பாகத்தைக் கடைந்தவர், அளந்து பார்த்துத் தேர்ச்சி சொன்னவர் படங்களையும் வையுங்கள். கீழே அவர்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள்.